மில்லியன் க்யூபிட்டுக்கு எத்தனை கம்பி?

சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானைப் பிடித்துவைத்து, ஸ்பின் எனும் அதன் காந்தத் திசையைக் குவாண்டம் கணினியின் பிட்டாகப் பயன்படுத்தும் சிலிக்கான் ஸ்பின் க்யூபிட் பற்றிய எந்த உரையைக் கேட்டாலும் மூன்றாவது நான்காவது ஸ்லைடுக்குள் ஒரு வாதம் வந்துவிடும். ஒரு க்யூபிட்டின் அகலம் நூறு நானோமீட்டர் அளவுதான். டிரான்சிஸ்டர் செய்யும் அதே சிலிக்கான், அதே ஆலை, அதே லித்தோகிராஃபி. போட்டியில் இருக்கும் இன்னொரு வகையான மீக்கடத்தி க்யூபிட் ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இங்கேயோ ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்துக் கோடி க்யூபிட்டை அடுக்கிவிடலாம். ஆகவே கடைசியில் ஜெயிக்கப்போவது சிலிக்கான்தான். கேட்கும்போது தலையாட்டத் தோன்றும். அரங்கை விட்டு வெளியே வந்ததும் எங்கோ இடிக்கும்.

நான் இயற்பியல்காரன் இல்லை. சிப் லேஅவுட் போட்டுப் பிழைத்தவன். எங்கள் தொழிலில் ஒரு பிளாக்கைக் கையில் கொடுத்தால் அது எவ்வளவு சிறியது என்று முதலில் கேட்க மாட்டோம். அதிலிருந்து எத்தனை கம்பி வெளியே வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது என்றுதான் கேட்போம். உள்ளே இருக்கும் சர்க்யூட் கடுகளவாக இருந்தாலும் சுற்றியிருக்கும் பேட்கள், அதாவது வெளிக்கம்பி ஒட்டும் உலோகச் சதுரங்களின் எண்ணிக்கைதான் சிப்பின் அளவை முடிவு செய்யும் என்ற நிலைமை எங்களுக்குப் பழகியது. அந்தப் பழக்கத்தோடு அந்த ஸ்லைடைப் பார்க்கும்போது பத்துக் கோடி என்ற எண் என் கண்ணில் படுவதில்லை. அந்தச் சதுரத்தின் ஓரம்தான் படுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பத்து லட்சம் க்யூபிட் என்று வைத்துக்கொள்வோம். 2048 பிட் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டை உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று கிரேக் கிட்னியும் மார்ட்டின் எக்கெரோவும் 2019-ல் மதிப்பிட்டிருந்தார்கள். 2025-ல் கிட்னி அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே இறக்கிவிட்டார். நூறு நானோமீட்டர் இடைவெளியில் ஆயிரத்துக்கு ஆயிரமாக அடுக்கினால் 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம் வரும். சுற்றளவு 0.4 மில்லிமீட்டர். க்யூபிட்டுக்கு ஒரே ஒரு கம்பி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் கம்பி இந்தச் சுற்றளவைத் தாண்டி வெளியே வர வேண்டும். ஒரு கம்பிக்குக் கிடைக்கும் அகலம் 0.4 நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தின் அலகுக்கூடே 0.543 நானோமீட்டர்! பத்து உலோக அடுக்கு போடுங்கள், 4 நானோமீட்டர் கிடைக்கும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியும் அதற்குள்தான். அப்படியே வெளியே கொண்டுவந்துவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாண்ட் பேட் வேண்டும். பேடுக்கு 100 மைக்ரோமீட்டர் சதுரம் என்றால் மொத்தப் பரப்பு 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு க்யூபிட் சதுரத்தைச் சுற்றி உள்ளங்கையைவிடப் பெரிய பேட் மைதானம். சிறியதாக இருப்பது பெருமை என்று சொன்னார்களே, அந்தச் சிறுமைதான் கம்பிக்கு வழியை அடைக்கிறது.

இத்தனைக்கும் க்யூபிட்டுக்கு ஒரு கம்பி என்பது வெறும் கற்பனை. ஒரு குவாண்டம் டாட்டுக்குள் (எலக்ட்ரானை அடைத்துவைக்கும் நுண்ணிய குழி) எலக்ட்ரானை இழுத்துப் பிடிக்க ஒரு பிளஞ்சர் கேட் (கேட் என்பது மின்னழுத்தம் கொடுக்கும் உலோக விரல்), பக்கத்து டாட்டோடு பேச விடவும் தடுக்கவும் பேரியர் கேட்கள், எலக்ட்ரான் வரவேண்டிய தேக்கம், உள்ளே எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று வேவு பார்க்கும் சென்சார் டாட், அந்தச் சென்சாருக்கென்று தனியாகக் கேட்கள், மேலே மைக்ரோவேவ் வரும் பாதை. 2022-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு வெளியிட்ட ஆறு க்யூபிட் சிப்பில் ஆறு டாட்டும் ஒரே வரிசையில். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு சென்சார். கட்டுரைகளில் வரும் வண்ணமடித்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பார்ப்பதெல்லாம் நடுவில் இருக்கும் ஒரு மைக்ரோமீட்டர் சொச்சம்தான். படத்தின் ஓரங்களில் கேட் விரல்கள் வெட்டுப்பட்டு நிற்கும். எனக்கு அந்த வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதில்தான் ஆர்வம். அங்கே அந்த விரல்கள் அகன்று அகன்று, மில்லிமீட்டர் கணக்கில் ஓடி, பேடில் போய் முடியும். சிப்பின் பரப்பில் பெரும்பகுதி இந்த விசிறிதான்.

பேடோடு கதை முடிவதில்லை. அங்கிருந்து ஒவ்வொரு கம்பியும் தனிப்பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் சிப்பை வைத்திருக்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜின் தட்டுகள் வழியாக மேலே ஏற வேண்டும்: 20 மில்லிகெல்வின், 100 மில்லிகெல்வின், 1 கெல்வின், 4 கெல்வின், 50 கெல்வின், பிறகு அறை வெப்பநிலை. ஒவ்வொரு கோஆக்ஸ் கேபிளும் மேலிருந்து கீழே வெப்பத்தைக் கொண்டுவருகிறது. அதைக் குறைக்கக் கீழ்த்தட்டுகளில் நியோபியம்-டைட்டானியம் கேபிள், வெப்ப இரைச்சல் க்யூபிட் வரை வராமல் இருக்கத் தட்டுக்குத் தட்டு சிக்னலைத் தணிக்கும் அட்டென்யுவேட்டர். 20 மில்லிகெல்வினில் ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் இழுக்கக்கூடிய வெப்பம் சில பத்து மைக்ரோவாட் அளவுதான். சில நூறு கேபிள் வரை சமாளிக்கலாம், இன்னும் பெரிய ஃப்ரிட்ஜ் கட்டினால் சில ஆயிரம். பத்து லட்சம் என்பது பேச்சுக்கே இடமில்லாதது.

இதையெல்லாம் கேட்டதும் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "டிரான்சிஸ்டருக்கும் இதே பிரச்சினைதானே இருந்தது?" இருந்தது. 1950-களின் இறுதியில் பெல் ஆய்வகத்தின் ஜாக் மார்ட்டன் இதை 'எண்களின் கொடுங்கோன்மை' என்றார். 1958-ல் ஜாக் கில்பி ஒரே துண்டில் மொத்தச் சர்க்யூட்டையும் செய்து காட்டினார். இன்று பல நூறு கோடி டிரான்சிஸ்டர் இருக்கும் பிராசஸரிலிருந்து வெளியே வரும் பின்கள் சில ஆயிரம்தான். உள்ளே சர்க்யூட் பெருகும் வேகத்தில் பின்கள் பெருகுவதில்லை என்பதை 1960-லேயே ஐபிஎம்மில் ரென்ட் என்பவர் கவனித்து எழுதிவைத்தார். ரென்ட் விதி இன்றும் எங்கள் தொழிலின் பாலபாடம். அதைக் குவாண்டம் சிப்புகளுக்குப் பொருத்திப் பார்க்கும் கட்டுரையும் 2019-ல் டெல்ஃப்டிலிருந்து வந்துவிட்டது. இன்றைய க்யூபிட் சிப்பில் க்யூபிட் இரட்டித்தால் கம்பியும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. டிரான்சிஸ்டர் தாண்டிய மேட்டை இதுவும் தாண்டிவிடும் என்று சொல்வது எளிது. டிரான்சிஸ்டர் எதை வைத்துத் தாண்டியது என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு ஆய்வகத்தில்.

திரையில் ஒரு மூலைவிட்டம்

தெரிந்த ஒரு ஆராய்ச்சி மாணவி இரண்டு டாட் கொண்ட சிப்பை ட்யூன் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். திரையில் ஒரு சதுரப் படம்: கிடைமட்டத்தில் முதல் பிளஞ்சரின் மின்னழுத்தம், செங்குத்தில் இரண்டாவது பிளஞ்சருடையது, சென்சாரின் மின்னோட்டம் நிறமாக. சாய்ந்த கோடுகள் வரிவரியாக ஓடின. ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் ஒரு டாட்டில் ஒரு எலக்ட்ரான் கூடுகிறது. இடது கீழ் மூலையில் கோடே இல்லாத வெற்றிடம்; அங்கே இரண்டு டாட்டும் காலி. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்து, இரண்டிலும் ஒவ்வொரு எலக்ட்ரான் இருக்கும் சின்னக் கட்டத்துக்குள் போய் உட்கார வேண்டும்.

"இந்தப் பேரியரை மட்டும் அஞ்சு மில்லிவோல்ட் ஏத்துறேன், பாருங்க சார்" என்றார். படம் முழுக்க ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் ஒரு இழையை இறுக்கினால் எங்கோ இன்னொன்று தொய்கிற மாதிரிதான். எந்தக் கேட்டைத் தொட்டாலும் அக்கம்பக்கத்து டாட்டுகளுக்கும் அது உறைக்கிறது. அதைச் சரிக்கட்ட எண்களாலான ஒரு அணியை (மேட்ரிக்ஸ்) கணக்கிட்டு, ஒன்றை ஏற்றும்போது மற்றவற்றை அதற்கேற்ப இறக்கி, 'விர்ச்சுவல் கேட்' என்று வைத்துக்கொள்கிறார்கள்.

நான் லேஅவுட்காரன் புத்தியோடு கேட்டேன்: "ரெண்டு பிளஞ்சரையும் ஒரே கம்பியில கட்டிட்டா என்ன?" அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்கேலை எடுத்துத் திரையில் மூலைவிட்டமாக வைத்தார். "ஒரே கம்பின்னா ரெண்டு வோல்டேஜும் எப்பவும் சமம். இந்தக் கோட்டுல மட்டும்தான் நீங்க போக முடியும். இது எந்தெந்தக் கட்டத்துக்குள்ள போகுதுன்னு பாருங்க."

பார்த்தேன். இரண்டாவது டாட்டில் முதல் எலக்ட்ரான் 40 மில்லிவோல்ட் முன்னாடியே நுழைந்துவிடுகிறது. ஒரு எலக்ட்ரானுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 25 மில்லிவோல்ட். ஆகவே ஸ்கேல் காலி மூலையில் கிளம்பி, பூஜ்யம்-ஒன்று, பூஜ்யம்-இரண்டு, ஒன்று-இரண்டு, ஒன்று-மூன்று என்று போனது. ஒன்று-ஒன்று என்ற கட்டத்தை அது தொடவே இல்லை. இரண்டு டாட்டும் ஒரே வடிவம், ஒரே சிப், நூறு நானோமீட்டர் தள்ளி ஒன்றுக்கொன்று பக்கத்தில். இரண்டை ஒரு கம்பியில் கட்டவே இந்தப் பாடு.

டிரான்சிஸ்டர் தப்பித்த இடம் எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிரான்சிஸ்டருக்கும் இதே கோளாறு உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டரின் த்ரெஷோல்ட், அதாவது திறக்கத் தொடங்கும் மின்னழுத்தம் பத்து, இருபது மில்லிவோல்ட் மாறுவது சகஜம். ஆனால் டிஜிட்டல் சர்க்யூட்டுக்கு அது பொருட்டே இல்லை. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் இடம் கிடக்கிறது; இவன் கொஞ்சம் முன்னே திறந்தாலும் அவன் கொஞ்சம் பின்னே திறந்தாலும் விடை ஒன்றுதான். அந்தப் பொறுமையால்தான் கணினியின் டிராம் (DRAM) மெமரியில் ஒரு வேர்ட் லைனில் (ஒரு வரிசைக்கான பொதுக்கம்பி) ஆயிரக்கணக்கான செல்லைத் தைரியமாகக் கட்டுகிறோம். வரிசைக்கு ஒரு கம்பி, நெடுவரிசைக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். பத்து லட்சம் செல்லுக்கு இரண்டாயிரம் கம்பி. கில்பியின் கண்டுபிடிப்பைக் கோடிகள் வரை இழுத்துச் சென்றது சிறுமை மட்டுமில்லை. ஏறுமாறாக இருக்கும் ஆயிரம் பேரை ஒரே கட்டளையில் வேலை வாங்க முடிந்ததுதான்.

க்யூபிட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கம்பிப் பிரச்சினை என்று நாம் அழைப்பதன் அடியில் கிடப்பது ஒருசீர்மைப் பிரச்சினை. டாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கம்பியைப் பகிரலாம். இல்லாததால் ஆளுக்கொரு கம்பி இழுக்கிறோம். கூட்டம் அங்கே சேருவதால் கம்பிதான் கண்ணில் படுகிறது.

பகிர்ந்து பார்த்தவர்கள்

பகிரும் யோசனை புதிதல்ல. வரிசை-நெடுவரிசைக் கம்பிகளால் ஸ்பின் க்யூபிட் அணியை ஆளும் கிராஸ்பார் திட்டம் ஒன்று டெல்ஃப்டிலிருந்து 2018-ல் வந்தது. தாளில் பார்க்க அழகாக இருக்கும். அதிலேயே நிபந்தனையும் எழுதியிருந்தது: டாட்டுக்கு டாட் உள்ள வேறுபாடு, ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாக நுழைக்கத் தேவைப்படும் மின்னழுத்தத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்ததும் இதுதான்.

அதே ஊர்க்காரர்கள் பிறகு ஜெர்மேனியத்தில் நாலுக்கு நாலாகப் பதினாறு டாட்டைப் பொதுக்கம்பிகளால் ட்யூன் செய்து காட்டினார்கள். நான் மிகவும் ரசித்த கட்டுரை அது. அவர்கள் டாட்டுக்கு ஒரே ஒரு ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்; ஜெர்மேனியத்தில் எலக்ட்ரானின் வேலையை இது செய்கிறது) என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஹோல் இருந்தால் போதும், ஜோடி சேராத ஒரு ஸ்பின் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மாணவியின் திரையில் மூலைவிட்டம் ஒன்று-ஒன்றைத் தவறவிட்டாலும் ஒன்று-மூன்றுக்குள் போயிற்றே, அந்த மாதிரி. எல்லோரையும் சமமாக்க முடியாதபோது எது மட்டும் சமமாக இருந்தால் போதும் என்று கேட்பது எனக்குச் சரியான பொறியியலாகப் படுகிறது. ஆனாலும் எண்ணிக்கையைச் சரி செய்வது முதல் படிதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்பின்னின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் சிறிது மாறும். சிலிக்கானில் பள்ளத்தாக்குப் பிளவு என்ற இன்னொரு ஆற்றல் இடைவெளி டாட்டுக்கு டாட் சில பத்து மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து சில நூறு வரை தாறுமாறாக மாறும். குவாண்டம் கிணற்றின் (எலக்ட்ரான் இருக்கும் மெல்லிய சிலிக்கான் அடுக்கு) எல்லையில் ஜெர்மேனிய அணுக்கள் எப்படி உட்கார்ந்தன என்ற தற்செயலே அதை முடிவு செய்கிறது. எந்த லித்தோகிராஃபியாலும் அதைச் சொன்னபடி கேட்க வைக்க முடியாது.

இன்னொரு சாரார், கம்பியைக் குறைக்காவிட்டால் போகிறது, அதன் நீளத்தைக் குறைப்போம் என்கிறார்கள். கட்டுப்படுத்தும் மின்னணுவியலையே ஃப்ரிட்ஜுக்குள் இறக்கிவிடும் கட்சி. இன்டெலின் ஹார்ஸ் ரிட்ஜ் சிப் 3 கெல்வினில் உட்கார்ந்து 20 மில்லிகெல்வினில் இருந்த க்யூபிட்டுகளை ஓட்டியதை 2021-ல் வெளியிட்டார்கள். கட்டுப்பாட்டின் தரம் குறையவில்லை. சாப்பிட்ட மின்சாரம் சில நூறு மில்லிவாட். 4 கெல்வின் தட்டில் கிடைப்பதே ஒன்று இரண்டு வாட் என்னும்போது அப்படி எத்தனை சிப் வைக்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதற்கு மறுபக்கமாக, க்யூபிட்டையே கொஞ்சம் சூட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன? 2020-ல் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள், டெல்ஃப்ட் 1.1 கெல்வினிலும் சிட்னி 1.5 கெல்வினிலும், சிலிக்கான் க்யூபிட்டை ஓட்டிக் காட்டின. ஒரு கெல்வினில் குளிர்விக்கும் திறன் மில்லிகெல்வினில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு. மீக்கடத்திக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. சிலிக்கானுக்கு உண்மையான சாதகம் எதுவென்று கேட்டால், அளவுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். அந்த மூன்றாவது ஸ்லைடில் போட வேண்டியதும் இதுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது சிட்னிக்காரர்களின் இன்னொரு வேலை. மில்லிகெல்வினிலேயே, க்யூபிட் சிப்பை ஒட்டி, ஒரு சீமாஸ் (வழக்கமான டிரான்சிஸ்டர்) சிப். அது ஒவ்வொரு கேட்டின் மின்னழுத்தத்தையும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரில் பூட்டிவைக்கிறது. அவ்வளவு குளிரில் கசிவு மிகக் குறைவு என்பதால் அடிக்கடி நிரப்பத் தேவையில்லை. வெளியிலிருந்து வருவது சில கம்பிகள்தான். உள்ளே ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனி மின்னழுத்தம். 2025-ல் வந்த முடிவுகளின்படி, பக்கத்தில் அந்தச் சிப் உட்கார்ந்திருந்தும் க்யூபிட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பாதிப்பில்லை. டாட்டுகளின் ஏறுமாறை ஒழிக்காமல், ஏற்றுக்கொண்டு, ஆளுக்கொரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி இது. ஆனால் லேஅவுட்காரனின் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. கெப்பாசிட்டரும் சுவிட்சும் சேர்ந்த ஒரு செல் நூறு நானோமீட்டர் சதுரத்துக்குள் அடங்காது. அது அடங்காதவரை கட்டுப்பாட்டுச் சிப்பிலிருந்து க்யூபிட் சிப்புக்கு மறுபடி ஒரு விசிறி விரித்தாக வேண்டும்.

இடம் விட்டு உட்காருவது

ஆகவே அடுத்த யோசனை: நெருக்கமாக உட்கார வேண்டாம். க்யூபிட்டுகளைப் பத்து மைக்ரோமீட்டர் அளவு தள்ளித் தள்ளி வைத்து, நடுவில் கிடைக்கும் காலியிடத்தில் மின்னணுவியலைப் போட்டு, இரண்டு க்யூபிட் பேச வேண்டியபோது எலக்ட்ரானையே தூக்கிக்கொண்டு போவது. ஜெர்மனியில் ஸ்பின்பஸ் என்ற பெயரில் இதை முன்வைத்தவர்கள் வைத்த கேட் அமைப்பு எங்கள் ஆட்களுக்கு உடனே பிடிக்கும். வழி நெடுகக் கேட்கள். நான்கில் ஒன்று வீதம் ஒரே கம்பியில் கட்டப்பட்டவை. நான்கு சைன் அலைகளை ஒன்றுக்கடுத்து ஒன்று சற்றுப் பிந்தும் கட்ட வித்தியாசத்தோடு கொடுத்தால் மின்னழுத்தப் பள்ளம் ஒன்று எலக்ட்ரானோடு நகர்ந்துபோகும். பாதை ஒரு மைக்ரோமீட்டரோ பத்து மைக்ரோமீட்டரோ, கம்பி நான்குதான். பள்ளம் போதிய ஆழமாக இருந்தால் வழியில் இருக்கும் சின்ன மேடு பள்ளம் எலக்ட்ரானை உலுக்குமே தவிரக் கீழே தள்ளாது. டிரான்சிஸ்டருக்கு இருந்த பொறுமை ஸ்பின் உலகில் கொஞ்சமாவது தென்படும் இடம் இது. 2025-ல் டெல்ஃப்ட் குழு, ஒரு குட்டைப் பாதையில் முன்னும் பின்னுமாக ஓட்டி மொத்தம் 10 மைக்ரோமீட்டருக்குச் சமமான தூரத்துக்கு ஸ்பின்னை 99.5 சதவீத நம்பகத்தோடு நகர்த்தியது.

இதற்கும் செலவு உண்டு. இடம் விட்டு உட்கார்ந்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்துக் கோடி என்பது பத்தாயிரமாக இறங்கிவிடும். அந்த ஸ்லைடு போய்விடும். பத்து லட்சம் க்யூபிட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சிப் என்றாகும். அது ஒரு சாதாரண பிராசஸரின் அளவு. ஆலைகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அடர்த்தியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பிக்கு வழி வாங்குவது எனக்கு நல்ல பேரமாகவே தோன்றுகிறது. பாதையில் எங்காவது பள்ளத்தாக்குப் பிளவு ஏறக்குறைய பூஜ்யமாகும் புள்ளி வந்தால் அங்கே ஸ்பின் தன் நினைவை இழக்கும். அதற்கு ஜெர்மேனியத்தை எவ்வளவு, எந்த இடத்தில் கலப்பது என்று பொருளறிவியல்காரர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் புதுச் சிப் பற்றிய அறிவிப்பு வந்தால் நான் க்யூபிட் எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு இரண்டைத் தேடுகிறேன்: வெளியே எத்தனை கம்பி வந்தது, முதல் எலக்ட்ரான் நுழையும் மின்னழுத்தம் டாட்டுக்கு டாட் எவ்வளவு பரவியிருக்கிறது. இரண்டாவதை இன்டெல் 2024-ல் 300 மில்லிமீட்டர் வேஃபர் (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு) முழுக்க 1.6 கெல்வினில் அளந்து வெளியிட்டது. க்யூபிட் எண்ணிக்கை அதில் தலைப்புச் செய்தி ஆகவில்லை. அதனால்தானோ என்னவோ பத்திரிகைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பரவல், ஒரு எலக்ட்ரானுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிக்குக் கீழே இறங்கும் அளவீடு ஒன்றை யாராவது வெளியிடும் நாளில் கிராஸ்பாரை மறுபடி கையில் எடுக்கலாம். அதுவரை என் பந்தயம் நான்கு கம்பிப் பாதையின் மேல்தான்.